காலை எடுக்குமுன்

பெக்கோக்கைச் சூழ்ந்த தோட்டங்களில் யான் அறிந்தவர்களுள் கால் இழந்தோரை எண்ணப் புகுந்தால் ஒரு கையின் விரல்கள் போதா. "இனிப்பு நீர், விரல் கறுத்தது, டாக்டர் காலை எடுத்துவிட்டார்" என்பதோடு ஒரு மனிதனுடைய கதை முடிந்துவிடுகிறது. கேட்பவரும் தலையெழுத்து என்று சொல்லித் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போகிறார். தலையெழுத்தை எவராலும் படிக்க முடியாதென்பர். இதுவோ பல ஆண்டுகளுக்கு முன்பே காலில் தெரியத் தொடங்குவது.

என் பெரியப்பா முப்பதாண்டு பால்மரம் சீவியவர். நிரையில் பத்து மரம் கடந்ததும் கெண்டைக்கால் இறுகும். சற்று நின்றால் விட்டுவிடும். மறுபடியும் பத்து மரம். வீட்டார் அதனை வயது என்றனர். அவர் தைலம் தேய்த்தார். வயதினால் வரும் வலி இரண்டு நிமிடம் நின்றால் தீருமோ? நடக்கும் தசை மிகுதியாக இரத்தம் கேட்கிறது. கொழுப்புப் படிந்து சுருங்கிய குழாயோ அதைக் கொடுக்க மாட்டாமல் நிற்கிறது. இனிப்பு நீரால் நரம்பு மரத்தவர்க்கு இவ்வலியும் தோன்றாமல் நேரே புண் வருவதுண்டு. 2019-ம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயதுவந்தோர் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய்; இந்தியருள் 31 பேருக்கு!

அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் 82 வயது மூதாட்டி ஒருவருக்குப் பாதம் அழுகத் தொடங்கிற்று. காலை எடுக்க வேண்டுமென்றனர் வைத்தியர். அம்மையார் இணங்கவில்லை. 1964 ஜனவரி 16-ந் தேதி சார்லஸ் டாட்டர் என்னும் டாக்டர், சுருங்கிய குழாய்க்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருத்த குழல்களை நுழைத்து வழியை அகலமாக்கினார். பாதம் சூடேறிற்று, புண் ஆறிற்று. அம்மையார் பின்னும் இரண்டாண்டுக்கு மேல் சொந்தக் கால்களால் நடந்தே வாழ்ந்தார். ஒரு கிழவியின் பிடிவாதம் வைத்தியத்துக்கே புது வழி காட்டியதென்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1974-ல் சூரிக் நகரில் கிருண்ட்சிக் என்ற டாக்டர், தம் வீட்டுச் சமையலறை மேசையில் செய்து பழகிய சிறு பலூனை இவ்வேலைக்குக் கொண்டுவந்தார்.

இன்று பெரும்பாலும் தொடையிடுக்கில் மரப்பூசி போட்டு, ஊசித் துளை வழியே, எக்ஸ்ரே ஒளியில் பார்த்துக்கொண்டே பலூனை அடைப்பு வரை கொண்டுபோய் ஊதி விரிக்கின்றனர். வேண்டுமிடத்தில் வலைக்குழல் ஒன்றை வைத்துவிடுகின்றனர். பெரிய கத்தியில்லை, முழு மயக்கமும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. இது எல்லார்க்கும் ஏற்றதென்று யான் சொல்லேன். நீண்ட அடைப்புக்கு மாற்றுக்குழாய் வைத்துத் தைக்கும் ரண சிகிச்சையே சிலருக்கு நலம். திறந்த குழாய் மீண்டும் சுருங்குவதும் உண்டு. சுருட்டை விடாதவர்க்கு அவ்வாபத்து மிகுதி. முற்றும் அழுகிய பாதத்தைக் காக்க எம்முறையாலும் இயலாது. படத்துக்காகச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடுமாதலால் அதன் நிலையையும் முன்கூட்டிப் பார்ப்பர்.

ஆகையால், காலை எடுக்கக் கையொப்பம் கேட்கும்போது, "இரத்தக் குழாயைப் பார்த்தீர்களா? திறக்க வழியுண்டா?" என்று நம்மவர் கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவன்று. கோலாலம்பூர்ப் பெரிய மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. அனுப்புக் கடிதம் வேண்டும். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் அளந்து ஒப்பிடும் சோதனையோ வலியற்றது. கணுக்கால் அளவு கையளவில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறைந்தால் குழாய் சுருங்கியிருக்கிறதென்று பொருள். இனிப்பு நீர்க்காரரிடம் குழாய் கல்லாய் இறுகி அவ்வளவு பொய் காட்டுவதுமுண்டு. அப்போது கால்விரலில் அளப்பர். விரல் கறுத்துவிட்டவர் மட்டும் அடுத்த முறைநாளுக்குக் காத்திராமல் அன்றே புறப்பட வேண்டும்.