சீரியமும் ஒரு நாள் ரொட்டியும்

லாந்தனைடுகள் என்றாலே, தேர்வுக்கு முதல்நாள் இரவு உருப்போடும் பெயர்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். அவற்றுள் ஒன்றான சீரியம் ஓர் இளைஞருக்குச் சோறு போட்டிருக்கிறது.

இத்தாலியின் டூரின் நகரத்து யூதர் பிரைமோ லெவி, 1941-இல் வேதியியலில் மிகச் சிறப்பாகத் தேறினார். அவருடைய பட்டச் சான்றிதழிலேயே ‘யூத இனம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். (வீட்டின் முதல் பட்டத்துக்குக் காத்திருக்கும் எனக்கு அதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.) 1943 டிசம்பரில் பிடிபட்டு, 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார். உடன் சென்றோர் சுமார் 650 பேர். திரும்பியவர் இருபது பேரளவே. கையில் 174517 என்று பச்சை குத்தினார்கள். பெயர் போயிற்று.

அங்கும் அவருக்கு ஒரு வாய்மொழித் தேர்வு நடந்தது! அழுக்கேறிய கைதி உடையில், பசியோடு, ஜெர்மானிய அதிகாரியின் முன் நின்று, அவர்கள் மொழியிலேயே வேதியியல் வினாக்களுக்கு விடை சொன்னார். தேறினார். பின்னர் செயற்கை ரப்பர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே திருடிய இரும்பு-சீரியத் துண்டுகளை நண்பரோடு இரவில் சுரண்டி லைட்டர் கற்களாக்கினார். ஒரு கல்லுக்கு ஒரு நாள் ரொட்டி. இதைத் திருட்டென்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் படிப்புதான் காத்தது என்று முடித்துவிடவும் மனம் வரவில்லை. லொரென்சோ என்ற கொத்தனார் ஆறு மாத காலம் ரகசியமாக சூப் கொண்டுவந்து கொடுத்தார். கைம்மாறாக எதுவும் வாங்கவில்லை. 1945 ஜனவரியில் கைதிகளைப் பனியில் நடத்திச் சென்றபோது, காய்ச்சலில் கிடந்த லெவியை விட்டுப் போனார்கள். நடந்துபோன நண்பர் திரும்பவேயில்லை. ஜனவரி 27-இல் சோவியத் படை வந்தது. அப்போது லெவிக்கு வயது 25.

பின்னாளில் தம் மகளுக்கும் மகனுக்கும் அந்தக் கொத்தனாரின் பெயரைத் தழுவியே பெயர் வைத்தார்.