ஒரு தாய் சொன்ன பொய்



1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் எழுதிய ‘அக்னிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை வெளிவந்தபோது, வாசகர்களிடையே பெருங்கொந்தளிப்பு எழுந்தது. கொலையோ துப்பறிவோ அக்கதையில் இல்லை. ஆயினும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. மழையில் பேருந்துக்குக் காத்துநின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத ஒருவனுடைய காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்பி, நடந்ததைத் தாயிடம் சொல்கிறாள். தாய் அலறிவிடுகிறாள். பல குடும்பங்கள் குடியிருக்கும் வீடு. என்னவென்று கேட்டு அண்டை வீட்டார் வந்துவிடுகிறார்கள். அந்த நொடியில் அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறது?

மகள் மழையில் நனைந்து வந்ததற்காக ஏசியதாகச் சொல்லி, வந்தவர்களை அனுப்பிவிடுகிறாள். பின்பு மகளை இழுத்துச் சென்று, தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

வாசகர்களில் பலரால் இதைத் தாங்க முடியவில்லை. ஒரு தாய் இப்படி மறைக்கலாமா, இவ்வளவு எளிதாக மன்னிக்கலாமா என்று சினந்தார்கள். காரோட்டி வந்தவன்மேல் அந்தச் சினம் அதிகம் விழவில்லை என்பதுதான் எனக்கு விசித்திரம். ஜெயகாந்தன் பின்வாங்கவில்லை. அந்தத் தாய் ஊரறியக் கதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையே ஒரு நாவலாக எழுதினார். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்று தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலாயிற்று. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அடைக்கலம் தந்து படிக்கவைத்த மாமாவோ அவளையே இச்சையோடு பார்க்கிறார். காரை விட இருண்ட இடம் அந்த வீடு.

ஐப்பசியில் மழை இறங்கி, நம் மரக்காணத்து உப்பளப் பாத்திகளில் வெள்ளம் நின்று வேலை ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இக்கதையை வாசித்தேன். முடித்ததும் தாயைப் பழிப்பார்கள் என்றே எதிர்பார்த்தேன். தலையில் உப்புக்கூடை சுமந்து முடி உதிர்ந்துபோன ஒரு மூத்த சகோதரி, “அந்தம்மா பொய் சொன்னது சரிதாங்க ஐயா. எங்க தெருவுல ஒரு வீட்டுல பேசுறது அடுத்த வீட்டுல கேக்கும். சாயங்காலம் சொன்னா விடியறதுக்குள்ள அளத்துக்கு வந்துரும்” என்றார்கள். இளையவள் ஒருத்தி விடவில்லை: “பொண்ணுக்குத் தண்ணி ஊத்துனாங்க, சரி. அந்தக் கார்க்காரனை யாருங்க ஐயா கேட்டாங்க?”

அதற்குப் பிறகுதான் கூடம் அமைதியானது. சுவரோரம் இருந்த ஒருத்தி, தப்புச் செய்தவன் அதே வீட்டுக்குள் இருந்தாலும் தாய் இப்படித்தான் மூட வேண்டுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். தாமாரைக் கெடுத்தவன் அவளுடைய சகோதரனாகிய அம்னோன். அவளோ சாம்பலைத் தலையில் போட்டுக்கொண்டு அழுது கொண்டே போனாள். அவளை மௌனமாயிருக்கச் சொன்னவன் மற்றொரு சகோதரனாகிய அப்சலோம். தகப்பனாகிய தாவீது கேள்விப்பட்டு மிகுந்த கோபங்கொண்டான். அவ்வளவுதான், அந்தக் கோபத்தால் தாமாருக்கு ஒன்றும் ஆகவில்லை. விகடன் தாயின் மௌனம் மகளை ஊராரிடமிருந்து மறைத்தது. அப்சலோமின் மௌனத்தால் அவள் அவன் வீட்டில் பாழாய்க் கிடந்தாள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் இயலவில்லை.

அப்பெண்களிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு இத்தகைய கொடுமை நேர்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். போதகருக்கும் அதில் விலக்கு இல்லை. தெருவுக்குச் சொல்லாதிருப்பது வேறு, காவல்துறைக்குச் சொல்லாதிருப்பது வேறு. பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்னும் உதவி எண்களைக் கூடத்தின் உட்கதவில், ஆண்கள் அமரும் பக்கத்திலிருந்து கண்ணில் படாத இடத்தில் எழுதச் சொன்னாள் அந்த இளையவள். மறுநாளே எழுதிவிட்டோம்.