நாயேபா மலையில் நான்கு நாள்

நாற்பதைத் தாண்டிய தோட்டப் பள்ளி ஆசிரியன் ஒருவன், முழங்கால் வரை சேற்றோடும் தலையில் பிளாஸ்டிக் மழையங்கியோடும், ஜப்பான் நாட்டு மலையடிவாரத்தில் ராக் இசைத் திருவிழாவில் நின்றான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். என் மனைவியும் சிரித்தாள். நான் பாட்டுக் கேட்கப் போகவில்லை, படம் பிடிக்கத்தான் போனேன் என்று சொன்ன பிறகு இன்னும் பலமாகச் சிரித்தாள்.

இது 2019 ஜூலை மாதக் கடைசியில் நடந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவரின் மகன், அரசாங்க உதவிச் சம்பளத்தில் ஜப்பானுக்குப் போய்ப் பொறியியல் படித்து அங்கேயே வேலையில் இருக்கிறான். 1982இல் தொடங்கிய 'கிழக்கு நோக்கும் கொள்கை' நம் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கும் கதவு திறந்துவிட்டது என்பதற்கு அவன் ஓர் அடையாளம். அவன் ஆண்டுதோறும் ஃபூஜி ராக் என்னும் திருவிழாவில் குப்பை பிரிக்கும் தொண்டர்களோடு சேர்ந்து வேலை செய்வான். "சார், எங்க குழு செய்யுற வேலைய யாரும் படம் புடிக்க மாட்டேங்குறாங்க. எல்லாக் கேமராவும் மேடையப் பார்த்துதான் இருக்கு. நீங்க வாங்க" என்று எழுதினான். கல்யாணம், சடங்கு, தீமிதி, பள்ளி விளையாட்டுப் போட்டி என்று இருபது ஆண்டுகளாகப் படம் எடுத்தவன் நான். சீட்டுப் பணத்தை எடுத்து விமானச் சீட்டு வாங்கினேன். பள்ளியில் சம்பளமில்லா விடுப்பும் கிடைத்தது.

ஃபூஜி ராக் என்று பெயர் இருந்தாலும் அது ஃபூஜி மலையில் நடப்பதில்லை. முதல் திருவிழா 1997இல் அந்த மலையடிவாரத்தில்தான் நடந்தது. புயல் வந்து கூட்டத்தை நனைத்து எடுத்துவிட்டது. இரண்டாம் நாள் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு தோக்கியோவில் நடத்தினார்கள். 1999 முதல் நீகாத்தா மாநிலத்து நாயேபா என்னும் பனிச்சறுக்கு மலையில் நடக்கிறது. இதைத் தொடங்கிய மசாஹிரோ ஹிதாக்கா என்பவர் இங்கிலாந்தில் ஒரு பால் பண்ணையில் நடக்கும் கிளாஸ்டன்பெரி விழாவைப் பார்த்து ஆசைப்பட்டவர். இடம் மாறியும் பெயரை மாற்றவில்லை. நம்மிடமும் பால்மரம் ஒன்றுகூட இல்லாத ரப்பர் தோட்டங்கள் இருக்கின்றன அல்லவா? அப்படித்தான்.

தோக்கியோவிலிருந்து எச்சிகோ யூசாவா வரை விரைவு ரயில். நீண்ட மலைக் குகைகளைத் தாண்டி வெளியே வந்தால் வேறொரு நாடு மாதிரி இருக்கிறது. 1968இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்ற யாசுனாரி கவபாத்தா, 'பனி நாடு' என்ற நாவலுக்குக் களமாகக் கொண்டது இந்த யூசாவாவைத்தான். நான் போனபோது பனி இல்லை, பச்சைப் பசேல் என்று காடு. அங்கிருந்து பேருந்தில் மலைக்கு ஏறினோம்.

இப்போது படத் தொழிலுக்கு வருகிறேன். பெரிய மேடை நிகழ்ச்சிகளில் படக்காரர்களுக்கு உலகெங்கும் ஒரு வழக்கம் உண்டு. முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் படம் எடுக்கலாம், அதுவும் ஃபிளாஷ் போடக்கூடாது. மேடைக்கும் வேலிக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். பத்திரிகைப் படக்காரர்கள் அதில் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பார்க்க வந்தவர்களோ மேடையைப் படம் பிடிக்கவே கூடாது. எனக்குக் கொடுத்த அட்டையில் சந்துக்குப் போகும் உரிமை இல்லை. அதனால் வருத்தமும் இல்லை. பச்சை மேடை என்னும் பெரிய மேடைக்கு முன்னால் சுமார் 40,000 பேர் நிற்கலாம் என்கிறார்கள். அத்தனை பேரும் ஒரு பக்கம் பார்க்க, நான் மட்டும் மறுபக்கம் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டும் நேரத்தில் மணமேடையை விட்டுவிட்டு, கூட்டத்தில் கண் கலங்கி நிற்கும் பெண்ணின் தாயைத் தேடுவது என் பழைய பழக்கம். அது இங்கே உதவியது. காதுக்கு உறை மாட்டிய கைக்குழந்தையைத் தோளில் தூக்கிவைத்து ஆடும் தகப்பன்மாரை எத்தனை படம் எடுத்தேன் என்று கணக்கில்லை.

ஆனால் எவரையும் கேட்காமல் எடுக்கவில்லை. பையன் சொல்லிக்கொடுத்த ஒரு ஜப்பானிய வாக்கியத்தை நாளைக்கு நூறு தரம் சொன்னேன். வேண்டாம் என்று கையசைத்தால் கருவியைத் தாழ்த்தினேன். நம் லயத்துப் பக்கம் கார் போட்டு வந்து, பால் வெட்டப் போகும் பெண்களைக் கேளாமல் கொள்ளாமல் படம் பிடித்துப் போனவர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்தப் படங்கள் எங்கே போயின, எந்தப் புத்தகத்தில் வந்தன என்று படத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. என் பாட்டியும் அவர்களில் ஒருத்தி.

இனி குப்பைக்கு வருவோம். நான் போன காரியமே அதுதானே! திருவிழா வாசலில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு குப்பைப் பை கொடுக்கிறார்கள். முந்தைய ஆண்டு இதே இடத்தில் சேர்ந்த பிளாஸ்டிக் புட்டிகளை உருக்கிச் செய்த பை அது. காகிதக் குவளைகளைச் சேர்த்துக் கழிப்பறைக் காகிதம் ஆக்குகிறார்கள். ஆங்காங்கே கூடாரம் போட்டுத் தொட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். புட்டி ஒன்றில், அதன் மூடி வேறொன்றில், டின் தனி, காகிதக் குவளை தனி, எரிக்கக்கூடியது தனி. கவனியுங்கள், தொண்டர்கள் நம் குப்பையை வாங்கிப் பிரித்துக் கொடுப்பதில்லை. "இது இங்கே, அது அங்கே" என்று சிரித்த முகத்தோடு வழி காட்டுகிறார்கள். பிரிக்க வேண்டியது கொண்டுவந்தவர் கைதான். முதல் நாள் காலையில் கூச்சத்தோடு தடுமாறிய ஓர் இளைஞன், மாலையில் தன் நண்பர்களுக்குத் தானே பாடம் நடத்தியதைக் கண்டேன். ஆசிரியனுக்கு இதைவிட நல்ல காட்சி வேறென்ன இருக்கிறது?

ஜப்பான்காரர்கள் எல்லாரும் பிறவியிலேயே சுத்தம் என்று நம்மவர்கள் சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மடக்கு நாற்காலியை விரித்துப்போட்டு இடம் பிடித்துவிட்டு எங்கோ போய்விடுகிறவர்கள் அங்கேயும் உண்டு. போகும்போது நாற்காலியை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த ஆண்டு நடத்துகிறவர்களே ஒழுங்கை நினைவூட்டித் தனியாகப் பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது. பிறவிக் குணத்தால் அல்ல, தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் மூன்று நாளும் நின்று சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. நம் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் திடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வருகிறது.

சனிக்கிழமை, 27ஆம் தேதி, மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் பிறந்த நமக்கு மழை புதிதா என்று நினைத்தேன். இது வேறு மழை, குளிரும் சேர்ந்த மலை மழை. கூட்டத்தில் குடை விரிக்கக் கூடாது, பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். எல்லாரும் மழையங்கியோடு நின்றார்கள். கருவிக்கு நான் ரொட்டிப் பையை மாட்டி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன். குளிரிலிருந்து வெப்பமான கூடாரத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். துடைத்தால் மறுபடியும் படியும். கருவியைப் பைக்குள்ளேயே மூடி அரைமணி நேரம் விட்டுவிட வேண்டும், மெல்ல மெல்லச் சூடு ஏறினால் ஆவி படியாது. படம் எடுக்கும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம், கேமரன் மலைக்குப் போனாலும் உதவும்.

அன்றிரவு பாடியவர் சியா என்னும் ஆஸ்திரேலியப் பாடகி. முகத்தைப் பொய்முடியால் மறைத்துக்கொண்டு பாடுகிறவர். முகத்தைக் காட்டாத பாடகியை மூன்று பாட்டுக்குள் எப்படிப் படம் எடுப்பது என்று பத்திரிகைக்காரர்கள் திண்டாடியிருப்பார்கள்! எனக்கு அந்தக் கவலை இல்லை. கொட்டும் மழையில் அண்ணாந்து நிற்கும் ஆயிரமாயிரம் முகங்கள் என் முன்னால் இருந்தன. கூடார முகாமில் பலருக்குத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. எங்கள் குழுவினர் நள்ளிரவு வரை தொட்டிகளின் அருகிலேயே நின்றார்கள். என்னிடம் உள்ள படங்களில் ஒன்று அவர்களுடைய கால்கள் மட்டும், பதினான்கு ரப்பர் காலணிகள் சேற்றில். முகம் ஒன்றுகூட இல்லை. நான் எடுத்ததில் அதுதான் எனக்குப் பிடித்தது.

சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீகாத்தா நாட்டு அரிசி ஜப்பானிலேயே பேர்பெற்றது. உள்ளூர்க்காரர்கள் கடை போட்டுச் சுடச்சுடப் போடுகிறார்கள். குழம்புதான் இல்லை. கைவசம் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோயிருந்தேன், தப்பித்தேன்.

இசையைப் பற்றிக் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு 'தி கியூர்' என்னும் ஆங்கிலேயக் குழு வாசித்தது. என் பள்ளிப் பருவத்திலேயே பேர் வாங்கியவர்கள். பாட்டு எனக்குப் புரிந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன். முரசு அடிக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது மட்டும் புதிதாக இல்லை. உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அது தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுக்கொண்டே வந்தேன். இந்தப் பயணம் என் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "போறதுக்கு வேற நாடே கெடைக்கலியா?" என்று ஒரே கேள்வி கேட்டார், அதன்பின் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. ஏன் என்று உங்களில் பல குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1943இல் ஜப்பான்காரர்கள் எங்கள் தாத்தாவை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை அது. வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது கல்லறை இருக்கிறது, பெயர் இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம்மவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் இல்லை. அப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. பாட்டி பால் வெட்டி வளர்த்தாள். தாத்தா இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசையன்றுதான் படையல் போடுவோம்.

திருவிழாவுக்கு முந்தைய நாள், வியாழன் மாலை, அனுமதிச் சீட்டு இல்லாத ஊர்க்காரர்களும் உள்ளே வரலாம். நடுவே உயரமான பரண் கட்டி, அதைச் சுற்றி வட்டமாக ஆடுகிறார்கள். போன் நடனம் என்று பெயர். நம் கும்மி மாதிரி நிதானமான ஆட்டம், கையை வீசி, தட்டி, ஒரு அடி பின்வைத்து. படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வயதான அம்மையார் என்னைப் பார்த்துக் கையைக் காட்டிப் பேசினார். "எந்த ஊர்னு கேக்குறாங்க சார்" என்றான் பையன். பிறகு, "இறந்துபோனவங்க வீட்டுக்கு வர்ற காலத்துல ஆடுற ஆட்டம் இது. உங்க வீட்ல யாருக்காக ஆடுவீங்கன்னு கேக்குறாங்க" என்றான். நான் தாத்தாவுக்கு என்றேன். பையனுக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். சற்றுத் தயங்கி, "எங்க இறந்தாருன்னு சொல்லவா சார்?" என்று கேட்டான்.

சொல் என்றேன்.

அவன் சொன்னான். நீளமாகச் சொல்லவில்லை. அந்த அம்மையார் பதில் ஒன்றும் பேசவில்லை. கைகளை முன்னால் சேர்த்துக்கொண்டு இடுப்பு வரை குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து வட்டத்துக்குள் அழைத்துப் போனார். இரண்டு சுற்று ஆடினேன், தப்பும் தவறுமாக. ஆட்டம் முடிந்து திரும்பியபோது கூட்டத்தில் அவரைக் காணவில்லை.

30ஆம் தேதி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் ஆடி அமாவாசை. படையல் போட்டுச் சாப்பிட்டபின் மடிக்கணினியில் படங்களை ஓட்டினேன். அப்பா தூணோரம் உட்கார்ந்து பார்த்தார். காலணிப் படம் வந்ததும், "யாரு, வேலைக்காரங்களா?" என்றார். சம்பளம் வாங்காத வேலைக்காரர்கள் என்றேன். பிறகு அந்த அம்மையாரைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பள படம் எங்க?" என்றார்.

"எடுக்கலப்பா. கேமரா கழுத்துலயே தொங்குச்சி."

"என்னா வயசிருக்கும்?"

"எழுபத்தஞ்சு, எண்பது இருக்கும்."

அப்பா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப அதுவும் என்னாட்டம் கைப்புள்ளதான் அந்த நேரத்துல" என்றார். பிறகு, "ம், அடுத்த படத்தக் காட்டு" என்றார்.