எடுத்த கையிடமே காவல்

பிள்ளைகளே, ஆமை முட்டை தோண்டுகிறவனைக் கண்டால் கள்ளன் என்று கத்தாதீர்கள். முதலில் அவனோடு இருந்து கதையுங்கள். நிலாவெளியில் இருந்து குச்சவெளி வரைக்கும், காற்று அழித்துவிட்ட தடத்தை வைத்துக் கூடு எங்கே என்று சொல்லக்கூடியவன் அவன்தான். அந்த அறிவு வேறு எந்த உத்தியோகத்தரிடமும் இல்லை.

சட்டம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. இலங்கைக் கரையில் முட்டையிடும் பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை முதலான ஐந்து இனங்களும் பின்னர் அதன் கீழ் வந்தன. ஆனாலும் என் இளவயதில் கரைவலை வாடிகளில் ஆமை முட்டை சாதாரணச் சாப்பாடு. வயிறு பசித்தவனுக்குச் சட்டப் புத்தகம் எட்டாத தூரம்.

தெற்கே தங்காலைக்குப் பக்கத்தில் ரெக்கவ என்ற கரை இருக்கிறது. 1993இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புத் திட்டத்தினர் 1996இல் அங்கே செய்ததை நான் பலரிடமும் சொல்லி வருகிறேன். இரவில் முட்டை தோண்டி விற்று வந்தவர்களையே அழைத்துச் சம்பளம் கொடுத்து, அதே கரைக்குக் காவல் வைத்தார்கள். கூடுகளை இடம் மாற்றவில்லை. முட்டை இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துப் போகலாம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மணலின் சூடே தீர்மானிக்கிறது. ஆகவே முட்டை கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும், யாராவது ஏறக்குறைய இரண்டு மாதம் இரவிரவாக விழித்திருக்க வேண்டும். இரவில் கரையில் விழித்திருந்து பழகியவர்கள் யார்? ஆமை பார்க்க வந்த உல்லாசப் பயணிகளின் காசும் ஊருக்குள் வந்தது. 2006இல் ரெக்கவ சரணாலயமானது.

கடலுக்கு அப்பால் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களும் இப்படித்தான். பாம்புத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள். 1972இல் இந்தியாவில் வனவுயிர்ச் சட்டம் வந்து அந்தப் பிழைப்பை அடைத்தது. பாம்பியல் ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் செய்யும் விஷமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு அவர்களுடையது. நம் வயலில் கண்ணாடிப் புடையன் தீண்டினால் ஆஸ்பத்திரியில் ஏற்றுவதும் இந்தியாவில் இருந்து வரும் மருந்தைத்தான். இருளர் கையை யாரோ நம்பியதால் இங்கே உயிர்கள் பிழைத்திருக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

எங்கள் கரைக்கு வருவோம். புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே பவளப்பாறைகளுக்கு மேலே நீந்தும் ஆமையைப் பார்க்கப் பணம் கொடுத்து வருகிறார்கள். போர் முடிந்த பிறகு நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஹோட்டல்கள் பெருகின. குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பித் தவழும். ஹோட்டல் விளக்கு அவற்றைத் தெருவுக்கு இழுத்துவிடும். ஆகையால் கடற்றொழிலாளரை மட்டும் கூப்பிட்டுப் புத்தி சொல்வது நியாயமே இல்லை. வனசீவராசிகள் திணைக்களம், ஹோட்டல்காரர், கரைவலைச் சம்மாட்டி மூவரும் ஒரே பாயில் இருக்க வேண்டும். கடல் பக்கத்து விளக்கை அணைப்பது ஹோட்டல்காரரின் பங்கு, தடம் பார்ப்பது தொழிலாளரின் பங்கு.

கூட்டம் வைப்பதென்றால் முதல் நாளே கூலியைப் பேசி முடியுங்கள். வாடைக்காற்று எழும் ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் இங்கே கரைவலை இழுக்க முடியாது, வீட்டில் அடுப்பெரிவதே பாடு. அந்த மாதங்களில் காவலுக்கு வரும் மனிதனுக்கு யார், எவ்வளவு, எந்தத் திகதியில் கொடுப்பது என்று எழுதிக் கையெழுத்து வைத்த பிறகு மற்றதைக் கதையுங்கள்.