நூறு சதவீத யதார்த்தம்

கப்பலின் நீளம் 130 மீட்டர். பெரிஸ்கோப்பை நேர் முன்னே திருப்பி வைத்துக் காத்திருந்தேன். கண்ணாடியின் நடுக்கோட்டைக் கப்பலின் அணியம் தொட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். அமரம் கோட்டைத் தாண்டியதும் நிறுத்தினேன். 32 நொடி. நீளத்தை நேரத்தால் வகுத்தால் நொடிக்கு நான்கு மீட்டர் சொச்சம். ஏறக்குறைய 8 நாட் வேகம். அதற்கு முன்பே அடையாளப் புத்தகத்தைப் புரட்டி, புகைபோக்கியையும் சரக்குத் தூக்கும் கம்பங்களையும் ஒப்பிட்டு, அது இன்ன வகைக் கப்பல் என்று தெளிந்து, அதன் கொடிமர உயரத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்து, எந்தக் கோணத்தில் எனக்கு விலாக் காட்டிப் போகிறது என்று அனுமானித்து வைத்திருந்தேன். எல்லாமாக ஒன்றரை மணி நேரம். ஒரு கணக்குப் பிசகினாலும் டார்பிடோ வெறுங்கடலில் ஓடித் தீர்ந்துவிடும். மின்சார டார்பிடோவின் வேகம் 30 நாட். 900 மீட்டரைக் கடக்க அதற்கு 58 நொடி வேண்டும். நாற்பதாவது நொடியில் கரண்ட் போனது.

2008ஆம் ஆண்டு, தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியறை. மின்வெட்டுக் காலம். யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு மாதமாகியிருந்தது. இருட்டில் உட்கார்ந்து மீதிப் பதினெட்டு நொடியையும் மனசுக்குள் எண்ணி முடித்தேன்.

நான் ஆடிக்கொண்டிருந்தது ‘சைலண்ட் ஹண்டர் 3’. ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் உருவாகி, 2005இல் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட கணினி விளையாட்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் தலைவனாக அட்லாண்டிக்குக்குப் போக வேண்டும். எனக்குக் கிடைத்தது ஏழாம் வகை ‘சி’ படகு. 67 மீட்டர் நீளம், ஐம்பது பேருக்கு நெருக்கமான ஆட்கள், 14 டார்பிடோ. 230 மீட்டருக்குக் கீழே போனால் படகின் உடம்பு நொறுங்கலாம். எங்கள் கடற்கரைக் கணக்கில் சொன்னால் 125 பாகம்.

இந்த விளையாட்டைத் தொடங்குமுன் ஒரு பட்டியல் வரும். மின்கலம் தீருமா, தீராதா? காற்று தீருமா? எரிபொருள் தீருமா? குறிபார்க்க உதவியாளர் வேண்டுமா, எல்லாக் கணக்கையும் நீங்களே போடுவீர்களா? டார்பிடோக்கள் சில நேரம் வெடிக்காமல் போகலாமா? ஒவ்வொரு கடினத்தையும் ஏற்றுக்கொள்ள ஏற்றுக்கொள்ள யதார்த்தத்தின் சதவீதம் ஏறும். எல்லாவற்றுக்கும் சரி சொன்னால் 100. முதல் ஆறு மாதம் 40, 50 என்று ஆடினேன். பிறகு நூறுக்குப் போனேன். அதற்குக் கீழே மறுபடி இறங்கியதில்லை. வெடிக்காத டார்பிடோவும் வரலாறுதான். 1940 ஏப்ரலில் நார்வே கடலில் ஜெர்மன் படகுகள் எய்த டார்பிடோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்துப்போய், பெயர்பெற்ற தலைவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

போர் விளையாட்டு என்றதும் வீட்டிலுள்ளவர்கள் மனத்தில் வருவது, நெட் சென்டரில் பையன்கள் கத்திக்கொண்டு சுட்டுத்தள்ளும் காட்சி. நான் சொல்லும் இனம் வேறு. செக் நாட்டு பொஹீமியா இன்டராக்டிவ் 2001இல் தந்த ‘ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்ட்’ விளையாட்டில், எங்கிருந்து வந்ததென்றே தெரியாத ஒரு குண்டு போதும், கதை முடிந்தது. அரை மணி நேரம் புல்லில் தவழ்ந்து போயிருப்பீர்கள். எதிரியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ‘கம்பாட் மிஷன்’ இன்னும் கடுமை. படைகளுக்குக் கட்டளைகளைக் கொடுத்து ஒப்படைத்துவிட வேண்டும். அடுத்த 60 நொடி எதையும் மாற்ற முடியாது. நீங்கள் அனுப்பிய ஆட்கள் தவறான வேலியோரம் ஓடி விழுவதை முழு நிமிடமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இவற்றில் நான் கற்றது பொறுமை என்று சொன்னால் பாதிதான் உண்மை. தெரியாமை என்றால் என்னவென்று கற்றேன். எதிரி எங்கே, எத்தனை பேர், என் கணக்குச் சரியா, எதுவும் தெரியாது. ஆனாலும் முடிவெடுத்தாக வேண்டும். எந்தப் புத்தகமும் எனக்கு இதை இவ்வளவு துலக்கமாகக் காட்டவில்லை.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று யாராவது தள்ளும்போது நான் லிவர்பூலை நினைத்துக்கொள்வேன். 1942 தொடக்கத்தில், அந்த நகரின் டெர்பி ஹவுஸ் கட்டடத்தின் மேல்மாடியில், காசநோயால் பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து முன்பே விலக்கப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். தரையில் லினோலியம் விரிப்பு. அதன்மேல் கட்டம் கட்டமாகக் கடல். சாக்குக்கட்டியால் கப்பல்களின் போக்கு. பெண்கள் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் காய்களை நகர்த்துவார்கள். ஒவ்வொரு நகர்வும் கடலில் இரண்டு நிமிடம். காவற்கப்பல் தலைவர்கள் திரைத்துணிக்குப் பின்னே நின்று சிறு துளை வழியாகத்தான் தரையைப் பார்க்க வேண்டும். நீர்மூழ்கியின் தடம் பச்சைச் சாக்கில் வரையப்பட்டிருக்கும்; அந்தத் துளையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தட்டாது. கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தரையிலும் தெரிய வேண்டும் என்பதில் ராபர்ட்ஸ் கறாராக இருந்தார்.

வணிகக் கப்பல்கள் வரிசை வரிசையாக, சுற்றிலும் காவலோடு கூட்டமாகப் போவதைக் கான்வாய் என்பார்கள். நீர்மூழ்கி வெளியே நின்றுதான் எய்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். பழைய தாக்குதல்களைத் தரையில் ஆடிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. கான்வாயின் நடு வரிசையில் அடிபட்ட கப்பலுக்கு வெளியிலிருந்து டார்பிடோ எட்டாது. அப்படியென்றால் எதிரி உள்ளே இருந்திருக்கிறான். இரவில், நீர்மட்டத்துக்கு மேலேயே, பின்பக்கமாக வரிசைக்குள் நுழைந்து எய்துவிட்டு, ஆழத்தில் இறங்கிக் கான்வாய் தலைக்குமேல் கடந்து போகும்வரை பதுங்கியிருக்கிறான். தாக்குதல் நடந்ததும் காவற்கப்பல்கள் பின்னே விரைந்து அந்தப் பகுதியைச் சல்லடை போடவேண்டும் என்று புதிய உத்தி பிறந்தது. அதற்கு ‘ராஸ்பெரி’ என்று பெயரிட்டவர் ஜீன் லெய்ட்லா என்ற இளம்பெண். உதட்டைப் பிதுக்கிப் பழிப்புக் காட்டும் ஒலிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது; ஹிட்லருக்குக் காட்டிய பழிப்பு. பின்னர் அந்தக் கான்வாய்களைக் காக்கும் பொறுப்பின் தளபதியாக வந்த மேக்ஸ் ஹார்ட்டன், முதல் உலகப் போரிலேயே நீர்மூழ்கித் தலைவராகப் பெயர்பெற்றவர். அவர் நீர்மூழ்கியின் பக்கம் அமர்ந்து ஐந்து முறை ஆடினார். ஜேனட் ஓக்கெல் என்ற பெண்ணிடம் ஐந்து முறையும் தோற்றார். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பயின்று போனார்கள்.

கடலில் போரிட்டிராத பெண்கள் எதிரியின் இருக்கையில் உட்கார்ந்து, அவன் தலையால் யோசித்துக் கப்பல்களைக் காப்பாற்றினார்கள். நான் அதே எதிரியின் இருக்கையில் உட்கார்ந்து கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தேன். இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது சித்தப்பாவால்.

சித்தப்பா 22 வருடம் கப்பலுக்குப் போனவர். எஞ்சின் ரூமில் ஆயில்மேன். ஓய்வுக்குப் பிறகு தூக்கம் சரியாக வராது. நடுராத்திரியில் மாடி ஏறி வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். ஒரு இரவு, குறி தப்பாமல் விழுந்தது. திரையில் கப்பல் நடுவே முறிந்தது. நான் நோட்டை எடுத்துத் தேதியையும் டன்னையும் எழுதினேன். அதுவரை எல்லாக் கப்பலையும் அப்படித்தான் இரண்டு பத்தியாகக் குறித்து வைத்திருந்தேன்.

“எங்கல அடிச்ச?” என்றார்.

“நடுவுல சித்தப்பா. எஞ்சின் ரூமுக்கு நேரா. அங்க பட்டாத்தான் சீக்கிரம் முங்கும்.”

“அதுல மணி என்ன காட்டுது?”

“ரெண்டே கால்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப பன்னெண்டு-நாலு வாட்ச்சு. ஒரு எஞ்சினியரு, ஒரு ஆயில்மேனு. அந்தக் காலத்துக் கப்பல்னா நெருப்புப் போடுறவன் ரெண்டு மூணு பேரு, கரி அள்ளுறவன் வேற. அந்த ஏணி செங்குத்தா இருக்கும்ல. தண்ணி வந்துட்டா ஏற முடியாது” என்றார். பிறகு, “நான் முக்காவாசி நாளு அந்த வாட்ச்சுதான் பாத்தேன்” என்றார்.

அவர் என்னைக் கண்டிக்கவில்லை. கேட்டதைக் கேட்டுவிட்டு, குளிருகிறது என்று கீழே இறங்கிப் போனார். எனக்குத்தான் அன்றிரவு ஆட்டம் ஓடவில்லை. நூறு சதவீதம் என்று திரை சொன்னது. என் காற்று தீரும், என் மின்கலம் தீரும், என் டார்பிடோ பொய்க்கும். எல்லாம் என் பக்கத்து யதார்த்தம். எதிரே போவது 5,000 டன். அதற்குமேல் அதைப் பற்றி விளையாட்டு எதுவும் சொல்லாது. பல நாள் யோசித்தபின் இன்னொன்றும் புரிந்தது. இது விளையாட்டைச் செய்தவர்களின் மறதி மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் தளபதி டோனிட்ஸ் நடத்திய போரே டன் கணக்குப் போர்தான். எதிரி கட்டும் வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் மூழ்கடிக்க வேண்டும்; யார், எங்கே, என்ன சரக்கு என்பது அடுத்த கேள்வி. தலைவர்களின் புகழும் டன்னில்தான் அளக்கப்பட்டது. அந்தத் தலைமையகத்தின் கண்ணை விளையாட்டு அப்படியே எனக்குப் பொருத்திவிட்டது.

அந்தக் கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் கையில் சிக்கியது ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’. 11,081 டன் பயணிகள் கப்பல். 1940 செப்டம்பர் 17 இரவு யு-48 என்ற நீர்மூழ்கி அதை அட்லாண்டிக்கில் அடித்தது. லண்டன் குண்டுவீச்சுக் காலத்தில் கனடாவுக்குப் பாதுகாப்பாக அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள். 77 குழந்தைகள் இறந்தார்கள். கப்பலின் பெயரில் வரும் காசியோடு இந்தியா நின்றுவிடவில்லை. அதன் ஊழியர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்தியக் கப்பலாட்கள். ஒரு உயிர்காப்புப் படகில் 46 பேர் எட்டு நாள் மிதந்து கடைசியில் மீட்கப்பட்டார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் நம் நாட்டவர்கள். மும்பையிலும் சிட்டகாங்கிலும் பெயர்ப் பட்டியலோடு நினைவிடங்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் கடலில் போய்க் கல்லறை இல்லாமல் மறைந்த, அன்றைய இந்தியாவின் கடற்படையினர், வணிகக் கப்பலாட்கள் 6,000 பேருக்கு மேல் அந்தப் பட்டியலில் உண்டு. அவர்களில் சித்தப்பாவின் வேலையைச் செய்தவர்களும் உண்டு.

மறுபக்கமும் லேசானதல்ல. நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 ஜெர்மானியரில் 30,000 பேர் அளவில் திரும்பவில்லை. 1943 மே மாதத்தில் மட்டும் 41 படகுகள் போயின. அந்த மாதம் இறந்தவர்களில் டோனிட்ஸின் இளைய மகனும் ஒருவன். மே 24 அன்று வட அட்லாண்டிக்கிலிருந்து படகுகளை அவரே விலக்கிக்கொண்டார். விளையாட்டிலும் பலர் 1942-ஓடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப்பின் ஆடுவது சுகமாக இருக்காது. நான் நிறுத்தவில்லை. என் படகு 1943 மே மாதம் பிஸ்கே வளைகுடாவில் ஒரு விமானத்திடம் போனது. பார்த்து மூழ்கத் தொடங்கி முப்பது நொடிகூட ஆகவில்லை. நான் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதை இன்றும் உறுதியாகச் சொல்வேன். தவறு செய்யாதவனும் செத்துப்போகிற ஆட்டம் என்பதால்தான் அதை நல்ல ஆட்டம் என்கிறேன்.

அந்த இரவுக்கு மறுவாரமே சித்தப்பா மறுபடி மாடியேறி வந்தார். பனிமூட்டத்தில் சங்கு எப்படி ஊதுவார்கள், அலையில் கப்பல் எப்படி அணியம் தூக்கும் என்றெல்லாம் சொல்வார். நான் டன்னைச் சொன்னால் அவர் ஆளைச் சொல்வார். “ரெண்டாயிரம் டன்னா? முப்பது பேரு போடு.” “எட்டாயிரமா? அறுவது, எழுவது இருக்கும்ல.” நோட்டில் மூன்றாவது பத்தி ஒன்று சேர்ந்தது. உயிர்காப்புப் படகுகளையும் தண்ணீரில் தத்தளிப்பவர்களையும் திரையில் கொண்டுவரும் இணைப்புகளை ஆட்டக்காரர்கள் தாங்களாகவே செய்து பகிர்ந்திருந்தார்கள். அதையும் பொருத்திக்கொண்டேன். உலகத்தின் வேறு மூலைகளிலும் யாரோ சித்தப்பாவின் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

இத்தகைய விளையாட்டுகளை ஆடும் இளைஞர்கள் நம் ஊரிலும் இப்போது நிறைய இருக்கிறார்கள். நூறு சதவீதத்தில் ஆடுங்கள். கணக்கை நீங்களே போடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து அந்த மூன்றாவது பத்தியையும் எழுதுங்கள். என் நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் சித்தப்பா கையால் கூட்டிப் போட்ட தொகை: கப்பல் 31, டன் 1,62,400, ஆள் 1,510.