படகை லாரியில் ஏற்றுவது எப்படி?

ரமணாசிரமம் பக்கம் குடியிருக்கும் பி.காம் மாணவன் படகைப் பற்றி எழுதுகிறேன் என்றால் முதலில் உங்களுக்குச் சிரிப்புதான் வரும். எங்கள் ஏரியாவில் தண்ணீர் என்றால் ஆசிரமத்தை ஒட்டிய பாலி தீர்த்தமும், கிரிவலப் பாதையில் இருக்கிற மற்ற குளங்களும்தான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் புதுச்சேரியில் இறங்க வேண்டும். உனக்கு எதுக்குப்பா படகு?

காரணம் இருக்கிறது. சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவில் பாஸ் என்று ஒரு ஏரி மீன். அதைத் தூண்டில் போட்டுப் பிடிப்பதற்கென்றே தாழ்வாக, தட்டையாக ஒரு ஃபைபர் படகு செய்கிறார்கள். பதினாறு அடியிலிருந்து இருபத்தோரு அடி வரை நீளம், பின்னால் பெரிய மோட்டார். வார நாளெல்லாம் படகு வீட்டு வாசலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காரின் பின்னால் மாட்டி ஏரிக்கு இழுத்துப் போவார்கள். ஏரிக்கரையில் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி ஒரு சிமெண்ட் சாய்தளம் இருக்கும். அங்கே இறக்கி, சாயங்காலம் அங்கேயே ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். இந்த ஏற்றுகிற வேலையைக் காட்டுகிற வீடியோக்கள் யூட்யூபில் ஏராளம். போன செமஸ்டர் லீவில் நான் உட்கார்ந்து பார்த்துத் தீர்த்தேன். (காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய நேரத்தில்தான். எங்கம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் :-) )

அதில் புரிந்தது ஒன்றுதான். படகை யாரும் "தூக்குவது" இல்லை. தண்ணீரில் இருக்கும்வரை அதன் எடையைத் தண்ணீர் சுமக்கிறது. ஆர்க்கிமிடிஸ் சமாச்சாரம், ஒன்பதாம் வகுப்பில் படித்தோமே, அதேதான். அதனால் காரை ரிவர்ஸ் எடுத்து டிரெய்லரைப் பாதி தண்ணீருக்குள் விடுகிறார்கள். டிரெய்லர் மேல் படகு உட்கார இரண்டு நீளக் கட்டைகள், மேலே கம்பளம் சுற்றி. படகு மிதந்து வந்து அந்தக் கட்டைகளின் மேல் நிற்கும். மூக்கில் இருக்கிற வளையத்தில் கொக்கியை மாட்டி, கையால் சுற்றுகிற வின்ச்சில் இழுத்து, சங்கிலி போட்டுவிட்டால் முடிந்தது. கார் மெல்ல மேலே ஏற ஏற, தண்ணீர் தன் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக டிரெய்லரிடம் ஒப்படைக்கிறது.

கேட்க சுலபம். ஆனால் டிரெய்லர் ரொம்ப ஆழம் போனால் படகு கட்டையில் உட்காராமல் காற்றுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கும். ஆழம் பத்தாவிட்டால் ஏறாது. அப்போது சிலர் மோட்டாரை முடுக்கி முட்டி ஏற்றுவார்கள். அந்த வேகத்தில் விசிறி தள்ளுகிற தண்ணீர் சாய்தளத்தின் அடி மண்ணை அரித்துவிடும் என்று பல ஏரிகளில் அதற்குத் தடை. ரிவர்ஸ் எடுப்பது இன்னொரு வித்தை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் டிரெய்லர் எதிர்ப்பக்கம் போகும். நம்ம ஊர் கரும்பு டிராக்டர் ஓட்டுகிற அண்ணன்களைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் அந்தச் சரிவு. நூறு அடி நீளத்துக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து அடி இறக்கம் இருக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. அதைவிடக் குறைந்தால் காரே தண்ணீரில் முங்குகிற வரை பின்னால் போக வேண்டும். கூடினால் ஈரத்தில் டயர் வழுக்கும். தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் தேர் வரும்போது சக்கரத்தோடு ஓடி ஓடிக் கட்டை போடுகிறார்களே, அந்த ஜாக்கிரதை இங்கேயும் வேண்டும்.

சரி, நம் கடற்கரைக்கு வருவோம். இங்கே டிரெய்லரும் இல்லை, சிமெண்ட் சரிவும் பெரும்பாலும் இல்லை. அலையடிக்கிற மணல்தான். நம் முன்னோர் இதற்குக் கண்டுபிடித்த பதில் கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கட்டினால் படகு. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்தால் தனித்தனி மரம். தோளில் தூக்கிக்கொண்டு போய் மணலில் காயப் போட வேண்டியதுதான். ஏற்றுகிற பிரச்சினையை இதைவிடச் சுலபமாகத் தீர்க்க முடியாது. இங்கிலீஷ்காரன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மாதிரி படகுக்கு வைத்துவிட்டான்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. அதை அவிழ்க்க முடியாது. இருபது பேர் "ஐலசா" போட்டால்தான் மணலில் நகரும். அடியில் உருளைக் கட்டை வைப்பார்கள். சில குப்பங்களில் டிராக்டர் கட்டி இழுக்கிறார்கள். போன வருஷம் கிளாஸ் பசங்களோடு புதுச்சேரி போனபோது ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். (மற்றவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டார்கள்.) பெரிய அலை வந்து படகின் பின்பக்கத்தைத் தூக்குகிற அந்த ஒரு நொடியில்தான் எல்லோரும் சேர்ந்து இழுக்கிறார்கள். அலை இறங்கியதும் விட்டுவிடுகிறார்கள். அங்கேயும் தூக்குகிற வேலை தண்ணீருக்குத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2018 ஆகஸ்ட், கேரள வெள்ளம். கொல்லம், திருவனந்தபுரம் பக்கத்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர், ஆரன்முளா என்று உள்நாட்டுக்குப் போனார்கள். கேரள அரசு கணக்குப்படி 669 படகுகள், 4,537 மீனவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள் 65,000 பேருக்கு மேல். '2018' சினிமா பார்த்தவர்களுக்கு அந்தப் படகுகள் லாரியில் வருகிற காட்சி மறக்காது. 2015 டிசம்பரில் நம் சென்னை மூழ்கியபோதும் மீனவர்கள் படகோடு தெருவுக்குள் வந்தார்கள்.

இதில் நாம் எல்லோரும் பார்ப்பது நடுவில் இருக்கிற காட்சியை மட்டும். படகு தெருவில் மிதக்கிறது, பாட்டியைத் தூக்கி உட்கார வைக்கிறார்கள், கண் கலங்குகிறோம். அந்தப் படகு கடற்கரையில் லாரி மேல் ஏறியது எப்படி, லாரியிலிருந்து வெள்ளத்தில் இறங்கியது எப்படி என்று யாரும் யோசிப்பதில்லை. லாரியின் தளம் ஆள் நெஞ்சு உயரம். கிரேன் கிடைக்காவிட்டால் தோள்தான். அடியில் பழைய டயரோ மணல் மூட்டையோ போட வேண்டும், இல்லாவிட்டால் ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து எழும்போது ஃபைபர் விரிசல் விடும். கயிறு இறுக்கிக் கட்ட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் இறக்க ஒரு சரிவு வேண்டும். ரோடு மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் முங்குகிற இடம் கிடைத்தால் அதுவே சாய்தளம். கிடைக்காவிட்டால்?

இது எனக்கு வெறும் யூட்யூப் ஆராய்ச்சி இல்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் எங்கள் ஊரில் மலை சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மலையைச் சாமியாகக் கும்பிடுகிற ஊர் இது. அன்றைக்கு எல்லோரும் அதைப் பயத்தோடு பார்த்தோம். அதே ராத்திரி சாத்தனூர் அணைக்கு வெள்ளம் கொட்டியது. அணையின் முழு உயரம் 119 அடி. டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீரைத் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள்.

என் அத்தை வீடு அந்த ஆற்றுக்குக் கீழே ஒரு கிராமத்தில். விடிவதற்குள் தெருவெல்லாம் தண்ணீர். அத்தையும் இன்னும் நாற்பது பேரும் பள்ளிக்கூட மொட்டைமாடியில். போன் சார்ஜ் இருந்தவரை அப்பாவோடு பேசினார். மத்தியானம் கடலோரத்திலிருந்து லாரியில் ஒரு ஃபைபர் படகு வந்துவிட்டது. மாடியில் இருந்தவர்களுக்கு லாரி கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் படகு தண்ணீரில் இறங்கவில்லை. கரை ரோடு பத்தடி உயரம், பக்கவாட்டில் கல் பதித்த செங்குத்துச் சரிவு. அப்படியே தள்ளினால் படகு உடையும். லாரி இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் வருகிறது. தண்ணீர் வேகமாக ஓடுகிற இடத்தில் இறக்கினால் படகையே அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் ஒதுக்குப்புறமாகவும் இருக்க வேண்டும். இப்படியே ஒன்றரை மணி நேரம்.

அத்தை பின்னால் சொன்னது அப்படியே: "மழையைக் கூட தாங்கிட்டோம்டா. படகு வந்து நின்னுக்கினு எறங்காம இருந்துச்சு பாரு, அதைத்தான் தாங்க முடியல."

கடைசியில் வழி காட்டியது மாடு மேய்க்கிற ஒரு தாத்தா. தினமும் எருமைகள் ஆற்றுக்கு இறங்குகிற தடம் ஒன்று புதர் மறைவில் இருந்திருக்கிறது. சரிவு சாதாரணம், தண்ணீரும் அங்கே அமைதி. புயலில் சாய்ந்து கிடந்த வாழை மரங்களை வெட்டி வரிசையாகப் போட்டு, அதன் மேல் படகை வழுக்கி இறக்கினார்கள். இருட்டுவதற்குள் நாற்பது பேரும் கரைக்கு வந்துவிட்டார்கள். அத்தை வீட்டில் நெல் மூட்டையும் கோழியும் போயின. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதைக் கேட்ட பிறகுதான் அந்த அமெரிக்க வீடியோக்களை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகிறவனுக்கு எந்த ஏரியில் எங்கே சரிவு என்பது முன்னாலேயே தெரியும். போர்டு வைத்திருக்கிறார்கள். உயிர் காக்க நூறு கிலோமீட்டர் தாண்டி வருகிற நம் மீனவருக்கு அது தெரியாது. அவருக்குச் சொல்ல நமக்கும் தெரியாது. மாடு மேய்க்கிற தாத்தாவுக்கு மட்டும் தெரியும். அவர் அன்றைக்கு அங்கே இல்லாமல் போயிருந்தால்?

காமர்ஸ் மாணவன் என்பதால் இன்னொரு கேள்வியும் உறுத்துகிறது. மீனவருக்குப் படகுதான் மூலதனம். வெள்ளத்தில் காம்பவுண்டு சுவரும் கேட்டும் கண்ணுக்குத் தெரியாமல் முங்கிக் கிடக்கும். மோதினால் அடிப்பகுதி கிழியும், மோட்டார் விசிறி உடையும். கேரளாவில் நிறைய படகுகள் அப்படி அடிபட்டன. அங்கே அரசு படகுக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக, சேதத்தைச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் அது வெள்ளம் வந்த பிறகு சொன்னது. லாரியில் ஏற்றும்போது அந்த மனிதர்கள் கையில் எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்சூரன்ஸ் பேப்பரில் கடல் காப்பீட்டுச் சட்டம், 1963 படிக்கிறோம். சொன்ன வழியை விட்டுக் கப்பல் காரணமில்லாமல் விலகினால், அந்த நிமிடத்திலிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை. திரும்பப் பழைய வழிக்கு வந்தாலும் இல்லை. ஆனால் ஒரு விலக்கு உண்டு. மனித உயிரைக் காப்பாற்ற விலகினால் அது தவறாகாது. மனப்பாடம் செய்துவிட்டுப் போகிற வரிதான். அத்தை கதைக்குப் பிறகு அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கடலில் வழி விலகுகிற கப்பலுக்கு இப்படி யோசித்த சட்டம் இருக்கிறது. கடலையே விட்டு விலகி, லாரி ஏறி, நம் ஊர் வயலுக்குள் வருகிற ஃபைபர் படகுக்கும் அதே நியாயத்தை முன்கூட்டியே எழுதி வைத்தால் என்ன? படகு வந்தால் வாடகை இவ்வளவு, உடைந்தால் பொறுப்பு இன்னார் என்று ஒரு பக்கத் தாள் போதும்.

அந்தத் தாள் அரசாங்கம் போட வேண்டியது. சரிவைக் கண்டுபிடிப்பது நாமே செய்யக்கூடியது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் ஆற்றோரமோ ஏரியோரமோ சொந்தக்காரர்கள் இருக்கிற ஊருக்குப் போனால், எருமை எங்கே இறங்குகிறது, முன்பு மாட்டுவண்டி எங்கே இறங்கியது என்று பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். லாரி அங்கே வரை போகுமா, மேலே கரண்ட் கம்பி தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். போனில் அந்த இடத்தைக் குறித்து ஊராட்சியிலும், தெரிந்த நாலு பேரிடமும் கொடுங்கள்.

அத்தை ஊரில் அந்தத் தடத்தை இப்போது முள் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். எருமைகளுக்கும் சௌகரியமாகிவிட்டதாம்.