வரப்பில் நின்ற பிள்ளை

காலேஜில் நான் படித்தது 2 வருஷம்தான். பட்டம் வாங்கும் பாக்கியம் இல்லை. ஆனாலும் என் பெட்டியில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்தேன் என்று சொல்லும் சான்றிதழ். காந்திஜி நூற்றாண்டான 1969-ல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. வருஷத்துக்கு 120 மணி என்று கணக்கு. சிலர் மரக்கன்று நட்டார்கள். சிலர் சாலை பெருக்கினார்கள். என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ப் பிள்ளைகளுக்குப் புட்பால் சொல்லிக்கொடு" என்றார் பொறுப்பாசிரியர். காலேஜ் அணியில் மாற்று ஆட்டக்காரனாக நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார். அந்தத் தகுதி போதும் என்று நினைத்தார் போலும்.

எங்கள் ஊர் மயிலாடி கல்லுக்குப் பேர் போனது. எந்தப் பக்கம் போனாலும் உளிச் சத்தம் கேட்கும். ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1809-ல் பள்ளிக்கூடம் வைத்ததும் இந்த ஊரில்தான். ஆக, படிப்பும் உண்டு, சிற்பமும் உண்டு, பந்துதான் இல்லை. குமரி மாவட்டத்தில் கால்பந்து என்றால் மேற்கே தூத்தூர், இரவிபுத்தன்துறை போன்ற கடற்கரை ஊர்கள். அங்கே பிள்ளைகள் நடக்கக் கற்றதும் மணலில் பந்து உதைப்பார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ டெண்டுல்கரைத்தான் தெரியும்.

வருஷம் 2000. கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலை திறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அறுப்பு முடிந்த வயலில், 6 முதல் 10 வயது வரை 24 பிள்ளைகள் வந்து நின்றார்கள். கோல் கம்பத்துக்குப் பதிலாகப் பட்டறையில் கழித்துப் போட்ட கற்கள். காலேஜிலிருந்து கொடுத்தனுப்பிய ஒரே ஒரு பந்து. அதுவும் பெரியவர்கள் ஆடும் 5-ம் நம்பர்ப் பந்து; சுற்றளவு 68 செண்டிமீட்டருக்குக் குறையாது, எடை 400 கிராமுக்கு மேல்.

பந்தைப் போட்டால் 24 பேரும் கருப்பட்டியை எறும்பு மொய்ப்பதுபோல மொய்த்தார்கள். 'நீ இங்கே நில், நீ அங்கே நில்' என்று சொல்வதில் பயன் இல்லை. நிற்பதற்காகவா குழந்தை வயலுக்கு வருகிறது? நான் போட்டது சின்னக் கணக்கு. 20 நிமிஷ ஆட்டத்தில் ஒரே பந்து என்றால், சமமாகப் பங்கு வைத்தாலும் ஆளுக்கு 50 விநாடிதான். கெட்டிக்காரர்கள் 4 பேர் அதையும் பிடுங்கிக்கொள்வார்கள். ஆகவே ரப்பர் பந்து ஒன்று, பழந்துணி அடைத்துக் கட்டிய பந்து ஒன்று என்று சேர்த்தேன். வயலை 3 துண்டாக்கி, பக்கத்துக்கு 4 பேர் வீதம் ஆடவிட்டேன். இப்போது ஆளுக்கு இரண்டரை நிமிஷம். கோல் காப்பவன் கிடையாது. உண்மையான கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர், 7 வயதுப் பிள்ளையை அதற்குள் நிறுத்தினால் அவனுக்கு மேலே இன்னொருவனும் நிற்கலாம்!

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் சிறுவர்களுக்கான 'கோல்டன் பேபி லீக்'கை 2018-ல் ஆரம்பித்தபோது, சின்ன மைதானம், குறைந்த ஆட்கள் என்றுதான் வகுத்தது. தலையால் முட்ட நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. காரணம் சாஸ்திரம் அல்ல, எனக்கே பயம். 2015-ல் அமெரிக்காவில் 10 வயது வரை உள்ளவர்களுக்குத் தலைமுட்டைத் தடுத்தார்கள். 2020-ல் இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து அதை நீக்கினார்கள். என் பயத்துக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஆனால் பந்தைத் தொடாத பிள்ளை கோட்டுக்குள்ளே மட்டும் இருப்பதில்லை. வரப்பில் தினமும் ஒரு சிறுமி நிற்பாள். 9 வயது இருக்கும். இடுப்பில் தம்பி.

"விளையாட வாறியா?" என்று கேட்டேன்.

"இவன எங்கண்ணே விட?" என்றாள்.

தம்பியை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவள் உள்ளே ஓடினாள். பெரிய ஆட்டக்காரி என்று சொல்ல மாட்டேன். உதைத்தால் பந்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். விழுந்து எழுந்து சிரித்தாள். அவ்வளவு சிரிப்பை அதுவரை எங்கே வைத்திருந்தாளோ!

நாலைந்து நாள் கழித்து அவளுடைய ஆச்சி வந்தாள். "பொட்டப்பிள்ளைக்குப் பந்து எதுக்கு மக்கா?" என்றாள். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். பேரன் என் விசிலைக் கடித்துக்கொண்டிருந்தான். ஆச்சி சிறிது நேரம் அதைப் பார்த்தாள். பிறகு ஆட்டத்தைப் பார்த்தாள். "அவன இங்க கொண்டா. இடுப்புல பிள்ளைய வச்சுக்கிட்டு நீ எப்பிடி ஊதுவ?" என்று வாங்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். பிறகு தினமும் வந்தாள். அவள் உட்கார்ந்த மணிகளை எந்தச் சான்றிதழிலும் யாரும் எழுதவில்லை.

அந்தச் சிறுமி ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போனாள். அதோடு வருவதும் நின்றது. 'வயசு ஏறுதுல்லா' என்று வீட்டில் சொன்னார்களாம்.

நான் மயிலாடியில் விசில் ஊதிக்கொண்டிருந்த காலத்தில் இரவிபுத்தன்துறையில் மைக்கேல் சூசைராஜுக்கு 6 வயது இருந்திருக்கும். 2019-ல் அவர் இந்திய அணிக்கு ஆடினார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், மணிப்பூரைத் தோற்கடித்துத் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டம் வென்றார்கள், 2023-லும் வென்றார்கள். பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னாலும் தம்பியை வாங்கி வைத்துக்கொண்டவர் யாராக இருக்கும் என்று யோசித்தேன்.

என் 24 பேரில் ஒருவரும் ஆட்டக்காரர் ஆகவில்லை. சிலர் உளி பிடித்தார்கள். சிலர் வளைகுடாவுக்குப் போனார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் ஓடினார்கள், பந்தைத் தொட்டார்கள். அந்த வயதுக்கு அது போதும். வருத்தமெல்லாம் ஆறாம் வகுப்போடு நின்றுபோன அந்த ஓட்டத்தைப் பற்றித்தான்.

இன்று தொண்டுக்குப் போகும் மாணவர்கள் யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். விதிகளைச் சொல்லிக்கொடுக்க அவசரப்பட வேண்டாம். பந்துகளைக் கூட்டுங்கள், ஆட்களைக் குறையுங்கள். பிறகு வரப்பைப் பாருங்கள். இடுப்பில் பிள்ளையோடு யாராவது நின்றால், அந்தப் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஓர் ஆச்சியைத் தேடுங்கள்.